தெருவைப் பார்த்த ஓடு

திராட்சைத் தோட்டத்தில் நாலு காசு பார்த்ததும் குருசாமி பண்ணைப்புரத்தில் வீடு கட்டினார். சோலார் வேண்டும், ஆனால் இரும்புக் கால் ஊன்றி நிற்கிற பேனல் ஆகாது. வீட்டுத் தலையில் கட்டிலைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்பார். அதனால் கூரையைச் சரிவாக இறக்கி, ஓடே கரண்டு தருகிற சோலார் ஓடாகப் பதிக்க ஏற்பாடு செய்தார்.

கம்பெனி என்ஜினியர் மகிமா, வருஷம் பூராவும் வெயில் நன்றாக விழுவது தெற்குச் சரிவில்தான் என்று படித்துப் படித்துச் சொன்னாள். தெற்குச் சரிவோ கொல்லையைப் பார்த்தது. அத்தனை செலவு செய்து கொல்லையில் வைத்தால் காக்காய்தான் பார்க்கும். தெருவைப் பார்த்த வடக்குச் சரிவில் போடச் சொல்லிவிட்டார். பால் காய்ச்சிய அன்று சொந்தபந்தத்தை எல்லாம் தெருவில் நிறுத்தி, "சோலார் எங்கன இருக்கு, கண்டுபிடிங்க பாப்போம்" என்று விளையாட்டுக் காட்டினார். ஒருவருக்கும் தெரியவில்லை. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சித்திரையில் நன்றாக வந்த கரண்டு, கார்த்திகை பிறந்ததும் பாதியாகக் குறைந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மனைவி பஞ்சம்மாள், "அந்தப் பிள்ள சொன்னதக் கேட்டிருக்கலாம்ல" என்று வாயெடுத்ததும், அவர் கை மேற்கு வீட்டு முருங்கை மரத்தைக் காட்டியது.

"இந்த மரத்து நெழல்தான் எல்லாத்தையும் கெடுக்குது."

மேற்கு வீட்டில் இருந்தவள் கருத்தம்மாள், அவருடைய பெரியப்பா மகனின் மனைவி. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத்தான் இருந்தாள். அந்த மரத்துக் காயைச் சந்தைக்கு அனுப்பித்தான் அவள் கைச்செலவு ஓடியது. அவளிடமே போய் மரத்தை வெட்டச் சொன்னார் குருசாமி.

"பூ எறங்கியிருக்கு தம்பி. இந்தக் காய்ப்பு மட்டும் முடியட்டுமே" என்றாள்.

"அதுக்குள்ள என் ஓடு வீணாப் போயிரும் மதினி."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். கௌரவம் விடவில்லை, காலையும் மாலையும் அந்த மரத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மறுவாரம் கருத்தம்மாளே ஆள் விட்டு வெட்டினாள். முகம் சுளிக்கவில்லை. கீரையை உருவி இவர் வீட்டுக்கும் ஒரு கூடை கொடுத்துவிட்டாள். மதியம் அதுதான் பொரியல். குருசாமி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், வெட்கங்கெட்டுப்போய்.

கரண்டு ஏறவில்லை. பொறுக்கமாட்டாமல் பஞ்சம்மாள் கம்பெனிக்குப் போன் போட்டாள். மகிமா வந்து தெருவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. கருத்தம்மாளும் தன் வாசலில் நின்றாள்.

"மர நிழல் சாயங்காலம் கொஞ்ச நேரம் விழுந்திருக்கும் சார், அவ்வளவுதான். இப்ப சூரியன் தெற்கே சாஞ்சிருக்கு, இந்தச் சரிவுல வெயில் சரியாப் படாது. அன்னைக்கே சொன்னேனே, நீங்கதான் தெருவுல போறவங்க பாக்கணும்னீங்க."

நாலு பேர் பார்க்கட்டும் என்று போட்ட ஓட்டை நாலு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். குருசாமிக்குத்தான் தலை நிமிரவில்லை. அன்றைக்குச் சோறும் இறங்கவில்லை.

மறுநாள் காலை, மன்னிப்புக் கேட்டே தீருவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு மேற்கு வீட்டுக்குப் போனார். வெட்டிய மரத்திலிருந்து நடுவதற்கென்று எடுத்துவைத்த கொம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கருத்தம்மாள் கொல்லையில் நின்றாள்.

"மதினி, நான்..." என்று ஆரம்பித்தார்.

"வாங்க தம்பி, ஒங்களத்தான் கூப்புடணும்னு இருந்தேன்."

கொம்பை ஓரிடத்தில் ஊன்றிக் காட்டினாள். அவர் சுவரை விட்டு எட்டின மட்டும் தள்ளி, குப்பைக் குழியை ஒட்டின மூலை அது.

"இங்கன நட்டா ஒங்க ஓட்டுல நெழல் விழுகாதுல்ல? பாத்துச் சொல்லுங்க."

கேலி செய்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். நேற்று அத்தனையும் காதால் கேட்டவள், இன்றைக்கும் பயந்துதான் கேட்டாள்.

"விழுகாது மதினி" என்றார் குருசாமி. கேட்க வந்ததைக் கேட்காமல், கொம்பை அவள் கையிலிருந்து வாங்கி நேராகப் பிடித்துக்கொண்டார்.