தனசிங் சாரின் சிரிப்பு

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த சகோதர சங்கக் கட்டடத்துக்கு ஊரார் வைத்த பெயர் தலைவெட்டி பங்களா. ஜன்னல்கள் எப்போதும் மூடியிருக்கும். உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று உறுப்பினர்கள் சத்தியம் செய்திருந்தார்கள்; மீறினால் தலையை வெட்டிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. டாக்டர்களும் இன்ஜினீயர்களும் அதில் இருந்ததால் ஊருக்குப் பயத்தோடு மதிப்பும் இருந்தது.

அந்த மதிப்பை நம்பித்தான் தனம் தையல் மெஷினை விற்றாள்.

அவள் கணவன் சேட்டுக்கு இதய வால்வு கெட்டிருந்தது. சங்க மோதிரம் போட்ட ஒருவன் பம்மலுக்கே தேடி வந்தான். "முன்பணம் மட்டும் குடும்மா. ஆபரேஷனை எங்க டாக்டருங்க பாத்துப்பாங்க. ஆனா ரகசியம். மெம்பருங்களைக் கேட்டாலும் வாய் திறக்க மாட்டாங்க, எங்க சட்டம் அப்படி."

தனம் கேட்டுப் பார்த்தாள். அவள் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் வீடுகளில் ஒன்று தனசிங் சாருடையது. பள்ளி ஆசிரியர், சங்கத்தில் இருப்பவர்.

"சார், உங்க பங்களாவுல ஏழைங்களுக்கு ஆபரேஷன் பண்ணி வெக்கிறாங்களாமே, நெசமா?"

சங்கத்தைப் பற்றி யார் எது கேட்டாலும் செய்வதையே அவர் செய்தார். சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

முன்பணத்தை வாங்கிப்போன மோதிரக்காரன் பிறகு வரவில்லை. அவன் சொன்ன ஆஸ்பத்திரியில் சேட்டு என்ற பெயரையே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. தனம் தனசிங் வீட்டுக்கு ஓடினாள். சங்கச் செயலாளர் வேதசிரோமணியும் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் எங்க ஆளே இல்லம்மா. பல்லாவரத்துலயும் இப்படித்தான் பண்ணான்," என்றார் செயலாளர். "போலீஸுக்குப் போனா சங்கத்துப் பேர் பேப்பர்ல வந்துடும். அதான் அமைதியா இருக்கோம்."

"தெரிஞ்சும் கம்முனு கீறீங்களா? உங்க பேரு பொழைக்கணும், என் புருசன் சாவணுமா?" அவள் தனசிங் பக்கம் திரும்பினாள். "அவன் திருடன் சார், பொய் சொன்னான். நீ இன்னாத்துக்கு சிரிச்ச? இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் தலையையா வெட்டிடுவாங்க?"



அடுத்த கூட்டத்தன்று மாலை தனம் பங்களா வாசலில் நின்று கத்தினாள். "இங்க யாரும் ஆபரேஷன் பண்ண மாட்டாங்க! மோதிரத்தைப் பாத்து ஏமாறாதீங்க!" உறுப்பினர்கள் அவளைப் பார்க்காமல் விரைந்து உள்ளே போனார்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, தனசிங்கை நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது. "அந்தக்கா சொல்றது நெசமா சார்?"

வேதசிரோமணி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "பிரதர், உள்ளே வாங்க."

தனசிங் கையை விடுவித்துக்கொண்டார்.

"நெசம்தாம்மா," என்றார், ரோட்டுக்கே கேட்கும்படி. "யாருக்கும் பணம் கொடுக்காதீங்க. எங்களை நம்பியும் கொடுக்காதீங்க."

தனம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் சேட்டு மூச்சு வாங்கியபடி கிடந்தான். அவள் கத்திக்கொண்டே இருந்தாள்.