செத்தவர் டீ போட வேண்டும்

வாரத்தில் ஆறு நாள் நான் எலும்பு பார்க்கிறேன். தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாவது எலும்பில்லாமல் கழியட்டும் என்று நினைத்தால், பிரசன்னா ஒரு டப்பா நிறைய எலும்புக்கூடுகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினான்.

நிஜ எலும்புக்கூடு இல்லை, புளியங்கொட்டை. ஞாயிறு மதியம் ஊரப்பாக்கத்தில் என் வீட்டு ஹாலில் நாங்கள் நான்கு பேர் ஒரு கதை விளையாட்டு ஆடுகிறோம். பொத்தேரியில் ஒன்றாகக் கல்லூரியில் படித்த காலத்தில் தொடங்கியது. கதையை நடத்துவது நான். கோட்டை, ஏரி, பூதம், மழை எல்லாம் என் பொறுப்பு. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். கதைக்குள் என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள், அது நடக்குமா இல்லையா என்று பகடை சொல்லும். சத்யபிரியா, கொற்றி என்ற வாள்வீராங்கனை. தாவீது ஒரு திருடன். பிரசன்னா பிணமெழுப்பி. அவன் மந்திரம் சொன்னால் செத்தவர்கள் எழுந்து வந்து அவன் ஏவியதைச் செய்வார்கள்.

அவன் போகிற வழியில் இருந்த இடுகாட்டையெல்லாம் எழுப்பிவிட்டான். எழுந்த எலும்புக்கூடு ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒவ்வொரு கொட்டைக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டுவான். ஒன்று அம்பு விடும், ஒன்று கல்லெறியும், ஒன்று சும்மா நிற்பதற்கும் பகடை உருட்டுவான். அவன் முறை முடிவதற்குள் தாவீது ஸ்டேஷன் பக்கம் போய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். சத்யா போனில் துணிக்கடைப் படங்களைத் தள்ளிக்கொண்டிருப்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் கொட்டைகளை எல்லாம் வாரி டப்பாவில் போட்டு மூடினேன்.

"இனிமே ரெண்டே ரெண்டு பொணம்தான் எழுப்பலாம். எவ்வளவு பெரிசா வேணா இருக்கட்டும், ரெண்டுக்கு மேல உன்னால தாங்க முடியாது. இதான் விதி" என்றேன்.

"இன்னா கோகிலா, எம்மேல இன்னா கோவம் உனக்கு?" என்றான் பிரசன்னா. மேற்குத் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அவனுக்கு வாயைத் திறந்தாலே அந்தப் பேச்சுதான். இரண்டு நிமிடம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அவனே பல்லை இளித்தான். "சரி. பெரிசா வேணா இருக்கட்டும்னு சொன்ன, மறந்துடாத."

அடுத்த வாரம் அவன் எழுப்பியது ஒரு யானை. எப்போதோ போரில் செத்த பட்டத்து யானை. கதவை உடை என்றால் கோட்டையே உடைந்தது. பகைவர்கள் அதைப் பார்த்ததும் ஓடினார்கள். இரண்டாவது இடத்தைக் காலியாகவே வைத்திருந்தான். "அது டிராகனுக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் முறை இப்போது சட்டென்று முடிந்துவிடுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எல்லாவற்றையும் யானையே செய்துவிட்டால் கொற்றிக்கு அங்கே என்ன வேலை?

சத்யா கேளம்பாக்கத்தில் இருக்கிறாள். வண்டலூர் சாலை நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வருகிறவள். போன வியாழக்கிழமை போன் செய்தாள்.

"இந்த வாரமும் இப்படியேன்னா நான் இனிமே வரல கோகிலா. கோவம்லாம் இல்ல. அவ்ளோ தூரம் வந்து அவன் யானை பின்னாடி நடந்துட்டு திரும்பிப் போறேன். எதுக்குன்னு தோணுது."

கோபம் இல்லை என்றாள் பாருங்கள், அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கோபம் என்றால் சமாதானம் செய்யலாம். அலுத்துப்போனவளை என்ன செய்வது? சத்யா நின்றுவிட்டால் மூன்று பேர். மூன்று பேர் கொஞ்ச நாளில் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து சொல்கிறவர்கள் ஆகிவிடுவோம். இந்த மேசை இல்லையென்றால் எனக்கு இந்த ஊரில் பேச ஆள் காய்கறி வண்டிக்காரர்தான். இதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சத்யா ஹெல்மெட்டை வழக்கம்போல் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்காகவே ஒரு காட்சி தயார் செய்திருந்தேன். ஏரிக்கு அடியில் ஒரு சுரங்கம், அதன் கடைசியில் ஒரு சுவர், சுவருக்கு முன்னால் ஒரு கல்பூதம். வாள் சண்டைக்கென்றே செய்த பூதம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டிராகனின் எலும்பு. தாவீதின் திருடன் சுவரின் விரிசலில் விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தான்.

"மச்சான், டிராகன்டா. முழுசா கெடக்கு" என்றான் தாவீது.

பிரசன்னாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதைப் பார்த்த முகம். சத்யா அப்போதுதான் கொற்றி பூதத்தின் எதிரே போய் நிற்பதாகச் சொல்லியிருந்தாள். அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"யானை சுவத்த இடிக்குது" என்றான்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவனுக்கு யோசிக்க ஒரு வாய்ப்பு கொடுத்தேன்.

"இன்னா எந்தப் பக்கம்? நேரா இடிக்குது."

சுவர் இந்தப் பக்கமாகவே சரிந்து விழுந்தது. கல்பூதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரின் கீழே கொற்றி நின்றாள். விலகிக்கொள்கிறாளா என்று பார்க்க சத்யா பகடையை உருட்டினாள். ஒன்று. இருபது முகப் பகடையில் அதைவிடக் கீழான எண் கிடையாது. நான் கதை நடத்துகிறவள், விதியை வளைத்திருக்கலாம். ஆனால் எல்லோரும் பார்க்க விழுந்த எண்ணை மாற்றினால் அது சத்யாவுக்குச் செய்கிற அவமானம். "கொற்றி செத்துட்டா" என்றேன்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பாத்திரம் செத்ததோ அவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். போட்டுக் குடித்துவிட்டு அடுத்த வாரம் புதுப் பாத்திரத்தோடு வர வேண்டும். டீ போட்டால் திரும்பி வருவார் என்று அர்த்தம். முன்பு ஜெபகுமார் என்று ஒருவன் எங்களோடு ஆடினான். அவனுடைய மந்திரவாதி செத்த அன்று அவசர வேலை என்று டீ போடாமல் கிளம்பினான். அத்தோடு சரி.

சத்யா எழுந்தாள். சமையலறைப் பக்கம் நடந்தாள். அடுப்புப் பற்றவைக்கும் சத்தத்துக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவள் பிரிட்ஜ் வரைதான் போனாள். ஹெல்மெட்டை எடுத்தாள்.

"டிராபிக் ஆகறதுக்கு முன்னாடி கெளம்பறேன்" என்றாள்.

தாவீது வாயில் வைத்த பஜ்ஜியை மெல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

பிரசன்னா மேசையைப் பார்த்தபடி கேட்டான். "கோகிலா, எனக்கு ரெண்டாவது எடம் காலியாத்தானே கீது?"

அடப்பாவி, இப்போதும் டிராகனா என்று எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இருக்கு. எழுப்பிக்கோ. நல்லா இரு" என்றேன்.

"டிராகன் இல்ல." அவன் திரும்பிச் சத்யாவைப் பார்த்தான். "சத்யா, கொற்றிய எழுப்பட்டுமா? உன்னாண்ட கேக்காம செய்ய மாட்டேன்."

சத்யா ஹெல்மெட்டோடு நின்றாள். "எதுக்கு? யானைக்குப் பின்னாடி ஒரு பொணமா நடக்கவா?"

"நீதான் ஆடப்போற. பகடை உருட்டறது நீ. நான் ஏவ மாட்டேன், கேப்பேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு."

எழுப்பப்பட்ட பிணம் முடியாது என்று சொல்ல விதியில் இடமே இல்லை. அவன் சொல்லி முடித்ததுமே "செல்லும்" என்றேன். "செத்தவளுக்கு இனி வலி கிடையாது, பயம் கிடையாது. முன்னைவிட ரெண்டு மடங்கு பலம். நினைவு அத்தனையும் இருக்கும்." அங்கேயே, அப்போதே, வாயில் வந்ததையெல்லாம் விதியாக்கினேன்.

"டேய், டிராகன்டா. பக்கத்துலயே கெடக்குதுடா" என்று தாவீது முனகினான்.

"கெடக்கட்டும்" என்றான் பிரசன்னா. "நான் சுவத்த இடிக்கச் சொல்லோ அவ எங்க நிக்கறான்னு கூடப் பாக்கல மச்சான்."

சத்யா ஹெல்மெட்டை நாற்காலியின் காலடியில் வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முழுதாக உட்காரவில்லை, அதையும் கவனித்தேன்.

இடிபாட்டுக்கு அடியிலிருந்து கொற்றி எழுந்தாள் என்று சொன்னேன். தோளில் சுண்ணாம்பு, கண்ணில் நீலமாக ஒரு வெளிச்சம், கையில் அதே வாள். பூதம் அவளை நோக்கித் திரும்பியது.

"கொற்றி, பூதத்த வெட்டறியா? ப்ளீஸ்" என்றான் பிரசன்னா.

"முடியாது" என்றாள் சத்யா. "மொதல்ல உன் யானைய ஓரமா நிறுத்து. வழிய மறைச்சுக்கிட்டு நிக்குது."

தாவீதுதான் முதலில் சிரித்தான். பிரசன்னா யானையை ஓரமாக நிறுத்தினான், அதன் காதைத் தட்டிக்கொடுப்பதாகவும் சொன்னான். சத்யா பகடையை எடுத்து உள்ளங்கையில் குலுக்கினாள். பதினான்கு. பிரமாதமான எண் இல்லை, போதுமான எண். வாள் பூதத்தின் கழுத்தில் இறங்கியது. அதற்கடுத்த அடியும் அவளுடையதுதான், அதற்கடுத்ததும். பூதம் விழுந்தபோது அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கல்லூரி நாட்களில் உட்காருவது போல. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காய பஜ்ஜி என்று சமாளித்தேன்.

"டீ?" என்றான் தாவீது.

எல்லோரும் சத்யாவைப் பார்த்தோம்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்றாள். "செத்தவங்கதான் டீ போடணும். நான்தான் எழுந்துட்டேனே. எழுப்பினவன் போடட்டும்."

வழக்கத்தில் இப்படி ஒரு சிக்கல் வரும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. நியாயம் அவள் பக்கம் என்று தீர்ப்புச் சொன்னேன். பிரசன்னா அடுப்பங்கரைக்குப் போய், டீத்தூள் எங்கே, சர்க்கரை எங்கே, இந்த அடுப்பு ஏன் பற்ற மாட்டேன் என்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒருவழியாகப் போட்டுக்கொண்டு வந்தான். பால் அடிபிடித்திருந்தது. சர்க்கரையை இரண்டு தரம் போட்டிருந்தான்.

"நல்லாகீதா?" என்றான்.

"கேவலமா இருக்கு" என்றாள் சத்யா. டம்ளரைக் கீழே வைக்காமலே ஒரு கையால் ஹெல்மெட்டைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். "கால்ல இடிக்குது. அது மேல வெச்சுடேன்."

நான் அதை வாங்கிக்கொண்டு போய் பிரிட்ஜ் மேல், அதன் இடத்தில் வைத்தேன். திரும்பி வந்து, இன்னொரு டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.