ஒற்றைத் தொப்பி

நீர்நாய்கள் அணி அன்று தோற்றால் ஹர்யுலா ஊரில் இனி தொழில்முறை ஐஸ் ஹாக்கி கிடையாது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் அணியைக் கலைத்துவிடுவதாகக் கிளப்பின் நிர்வாகிகள் பிப்ரவரியிலேயே பத்திரிகையில் சொல்லிவிட்டார்கள். அரங்கம் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சறுக்குவார்கள், புதன்கிழமைகளில் தொப்பை போட்ட ஆண்கள் மட்டையோடு வந்து மூச்சு வாங்குவார்கள். அவ்வளவுதான்.

ரௌனோவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவருக்கு ஐம்பத்தாறு வயது, மரம் அறுக்கும் ஆலையில் வேலை. மகள் சில்யா எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். அவரும் மனைவியும் பிரிந்து பத்து வருடமாகிறது. அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கிறிஸ்துமஸை அவள் அம்மா வீட்டில் கழிப்பாள். ஆனால் நீர்நாய்கள் சொந்த ஊரில் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ஸி பகுதி, ஒன்பதாம் வரிசை, பதினான்கும் பதினைந்தும். செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரைக்கும். கோடையில் அவள் எங்கே போகிறாள், யாரோடு இருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. செப்டம்பரில் பார்க்கும்போது முடி வெட்டிக்கொண்டாயா என்று கேட்பார், ஆமாம் என்பாள், அப்புறம் புதிய கோல்கீப்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வருஷம் மேலே வந்துவிடுவோம் என்று அவர் சொல்வார். "பாக்கலாம்பா" என்பாள் அவள். ஆறு வருடமாக அந்த அணி கடைசி இடத்தையோ அதற்கு முந்தைய இடத்தையோ விட்டு நகர்ந்ததில்லை.

அணி போனால் அவள் வருவதற்குக் காரணம் இருக்காது. இதை ரௌனோ யாரிடமும் சொன்னதில்லை. ஆலையில் எல்லோரும் அணியைப் பற்றிப் புலம்பியபோது அவரும் சேர்ந்து புலம்பினார், அதற்குள் இதை ஒளித்துக்கொண்டார்.

மேல் பிரிவில் தங்குவதா இறங்குவதா என்று முடிவு செய்யும் தொடர் ஏழு ஆட்டம். தெற்கே துறைமுகப் பட்டணத்திலிருந்து வந்த அணியோடு மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் மார்ச் கடைசி சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, ஹர்யுலாவில். சில்யா இரண்டரைக்கே வந்துவிட்டாள். நீலமும் மஞ்சளுமாகப் பின்னிய, உச்சியில் குஞ்சம் வைத்த தொப்பி இருவர் தலையிலும் இருந்தது. அன்று அரங்கத்தில் ஏறக்குறைய எல்லோர் தலையிலும் அதுதான்.

மூன்று பகுதி ஆட்டத்தில் முதல் பகுதியிலேயே ரகளை. எதிரணிக்காரன் ஒருவன் நம் ஆளின் முகத்தில் மட்டையால் தட்டியதை நடுவர் பார்க்கவில்லை. நின்று பார்ப்பவர்கள் பக்கமிருந்து பியர் டம்ளர்கள் பனித்தளத்தில் வந்து விழுந்தன. ஆட்டத்தை நிறுத்தினார்கள். இனி ஒரு பொருள் உள்ளே விழுந்தாலும் ஹர்யுலா அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை, அதுவரை ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த செப்போ, ரௌனோவோடு ஆலையில் வேலை செய்பவன், தன் டம்ளரை அவசரமாகக் குடித்து முடித்துச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டான்.

"எனக்கு என் கைமேலேயே நம்பிக்கை இல்லடா" என்றான்.

நம்பிக்கை வைக்க ஒரே ஒரு பையன் இருந்தான். லாஸ்ஸி கோர்பெலா, இருபது வயது, உள்ளூர்ப் பால்வண்டிக்காரரின் மகன். முதல் கோல் அவனுடையது. எதிரணி அடுத்தடுத்து இரண்டு போட்டது. இரண்டாம் பகுதி முடியும் தறுவாயில் கோல் வாசலில் ஒரே தள்ளுமுள்ளு, பத்துக் கால்களுக்கு நடுவே வட்டு உள்ளே போனது. கோர்பெலா கைகளைத் தூக்கினான். ஒலிபெருக்கியும் கோர்பெலா என்றது. இரண்டுக்கு இரண்டு.

இனி ஒன்று போட்டால் மூன்று. ஒரே ஆள் மூன்று கோல் போட்டால் பார்ப்பவர்கள் தொப்பிகளைக் கழற்றித் தளத்தில் எறிவது வழக்கம். அதற்கு எந்த நடுவரும் தண்டனை கொடுப்பதில்லை. அள்ளிக்கொண்டு போய் வாசல் பக்கத்தில் ஒரு பெட்டியில் போட்டு வைப்பார்கள், போகும்போது அவரவர் தேடி எடுத்துக்கொள்ளலாம். ஹர்யுலாவில் அது கடைசியாக நடந்து பதினோரு வருடமாகிறது. அன்று சில்யாவுக்குப் பன்னிரண்டு வயது. தலையில் இருந்தது புதுத் தொப்பி, வெளியே மைனஸ் இருபத்தாறு. அவள் எறியக் கையை ஓங்கியபோது ரௌனோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் தொப்பிகள் பறந்தன. வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அதற்குப் பின் பல தடவை சிரித்துக்கொண்டேதான் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறாள், ஆனால் ஒரு தடவையும் மறந்ததில்லை.

இடைவேளையில் ரௌனோ காபி வாங்க எழுந்தார். நானும் வருகிறேன் என்று சில்யா சொன்னாள். வேண்டாம், வரிசை பெரிது என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் போனார். நடைக்கூடத்தில் இருந்த ஒலிபெருக்கி நவம்பரிலிருந்து வேலை செய்வதில்லை. அவர் சாஸேஜுக்குக் கடுகுப் பசை பிழிந்துகொண்டிருந்த நேரத்தில் உள்ளே ஓர் அறிவிப்பு வந்தது. வீடியோ பார்த்ததில் இரண்டாவது கோல் கோர்பெலாவுடையது இல்லை, வயதான தடுப்பாட்டக்காரன் பிட்காலா அடித்தது, கோர்பெலா மேல் படவே இல்லை. பெயரை மாற்றிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் திரும்பி வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர்கள் அவர்களுக்குச் சொன்னார்கள்.

ரௌனோ இரண்டு கையிலும் காபியும் பொட்டலமுமாக வந்து உட்கார்ந்தார். சில்யா டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"அப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன் அவளுடைய அம்மா சமையலறையில் நின்று அதே குரலில்தான் ஆரம்பித்தாள். டிசம்பரிலிருந்தே சில்யா எதையோ வாயில் வைத்துக்கொண்டு விழுங்குவதை அவர் கவனித்திருந்தார்.

"ஆட்டம் முடியட்டும்" என்றார்.

"சின்ன விஷயமும் ஒண்ணு இருக்கு."

"எல்லாமே முடிஞ்சதும் சொல்லு. இப்ப சொன்னா ராசி போயிடும்."

அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பனித்தளத்தைப் பார்த்தாள். காபியை அப்புறம் குடித்தாள்.

மூன்றாம் பகுதி பதினான்கு நிமிடம் இழுத்தது. நீர்நாய்கள் களைத்துப் போயிருந்தார்கள், வட்டைத் தள்ளிவிடுவதே பெரும்பாடாக இருந்தது. அப்புறம் நடுக்கோட்டில் எதிரணிக்காரன் ஒருவன் தடுமாறினான். கோர்பெலா வட்டைப் பறித்தான், தனியாகப் போனான், கோல்கீப்பரை இடதுபக்கம் படுக்க வைத்து வலதுபக்கம் மேலே தூக்கிப் போட்டான்.

மூவாயிரம் பேர் எழுந்தார்கள். ரௌனோவுக்குக் காது அடைத்துவிட்டது. மூன்றுக்கு இரண்டு, இன்னும் ஆறு நிமிடம், பையனுக்கு மூன்றாவது. அவர் யோசிக்கவே இல்லை. தொப்பியைக் கழற்றி, தோள்பட்டை வலிக்க, தன் வாழ்நாளில் எதையும் அப்படி எறிந்ததில்லை என்கிற மாதிரி எறிந்தார். அது குஞ்சத்தைச் சுழற்றிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு மேலே பறந்து நீலக்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது.

திரும்பி சில்யாவைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீயும் போடு. இந்தத் தடவை நான் புடிக்க மாட்டேன்."

அவளுடைய இரண்டு கையும் வாயைப் பொத்தியிருந்தன.

"அப்பா, அது ரெண்டாவது."

அவர் பனித்தளத்தைப் பார்த்தார். அவ்வளவு பெரிய வெள்ளையில் ஒரே ஒரு தொப்பி கிடந்தது.

கூச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. துணை நடுவர் சறுக்கி வந்து அதை இரண்டு விரலால் தூக்கினார். முதன்மை நடுவரும் அவரும் ஏதோ பேசினார்கள். நீர்நாய்களின் பயிற்சியாளர் தடுப்புப் பலகையைக் கையால் அடித்தார். பிறகு ஒலிபெருக்கி, ஹர்யுலா அணிக்கு இரண்டு நிமிடம், பனித்தளத்தில் பொருள் எறிந்ததற்காக.

"எந்தக் கழுதைடா அது?" பின்னாலிருந்து செப்போ கத்தினான். "படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களேடா. அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா அந்தக் குஞ்சத்தையே..."

பாதியில் நின்றுவிட்டான். ரௌனோவின் தலை அவன் கண்ணுக்கு நேரே இருந்தது, வழுக்கை விழுந்த, வெறும் தலை. செப்போ உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பின் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முழுக்கத் திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்று ரௌனோவுக்கு இருந்தது.

ஐந்து பேருக்கு எதிராக நான்கு பேர் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் தாக்குப் பிடித்தார்கள். பிட்காலா தரையில் விழுந்து நெஞ்சால் தடுத்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். ரௌனோ ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மேலே தொங்கிய பலகையில் நொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது என்று காட்டியபோது எதிரணி கோல் போட்டது.

கூடுதல் நேரத்தில் முதல் கோல் போடுபவர் ஜெயித்தவர். அது நான்காவது நிமிடத்தில் விழுந்தது. நல்ல கோல்கூட இல்லை. தூரத்திலிருந்து சும்மா அடித்தது பிட்காலாவின் காலணியில் பட்டுத் திரும்பி உள்ளே உருண்டது. எதிரணிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிந்தார்கள். கோர்பெலா மண்டியிட்டு அப்படியே இருந்தான். யாரும் கூவவில்லை, யாரும் எதையும் எறியவில்லை. மக்கள் கையுறையை மாட்டிக்கொண்டு படியேறினார்கள், சர்ச்சிலிருந்து கிளம்புவது மாதிரி.

நடைக்கூடத்தில் எல்லோர் தலையிலும் நீலமும் மஞ்சளும். ரௌனோவின் தலை மட்டும் வெறுமையாக இருந்தது. பார்த்தவர்கள் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்மேல் அந்த அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள்ளே ஒரே ஒரு தொப்பி. வழக்கத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. ரௌனோ குனிந்துகொண்டு அதைத் தாண்டினார்.

அப்போது பக்கத்தில் வந்துகொண்டிருந்த சில்யா தன் தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். இருவரும் வெறுந்தலையோடு வெளியே வந்தார்கள்.

சூரியன் ஆலையின் புகைபோக்கிக்குப் பின்னால் இறங்கியிருந்தது. பனிக்குவியல்கள் நீலமாகத் தெரிந்தன. அவளுடைய கார் வரைக்கும் போனார்கள்.

"இப்ப சொல்லு" என்றார் ரௌனோ.

நார்வேயில் கடலோரமாக ஓர் ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாள். மே மாதம் போகிறாள். வீடு பார்த்தாகிவிட்டது. டிசம்பரிலேயே தெரியும், ஆனால் சீசனுக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்று இருந்தாள். கோலை மாற்றியதைத்தான் முதலில் சொல்ல நினைத்தாள், அவர் தடுத்ததும் இரண்டும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

"நான் அதையாவது சொல்லியிருக்கணும்பா."

"நீ சொல்லத்தான் வந்தே." அவர் காதுகளைக் கையால் மூடிக்கொண்டார். "ஜெயிச்சிருந்தா போயிருக்க மாட்டியா?"

"போயிருப்பேன்."

அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

"அங்க டீம் இருக்கா?"

"ஃபுட்பால்தான். ஹாக்கியெல்லாம் யாரும் பாக்கறதில்லையாம்."

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. செப்போவின் வண்டி அவர்களைத் தாண்டியபோது ஹாரன் அடிக்கவில்லை. சில்யா கதவைத் திறந்து கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினாள். ரௌனோ மறுபக்கக் கண்ணாடியைக் கையுறையால் தேய்த்தார்.

"எப்பவாவது இந்தப் பக்கம் வருவியா?"

"எதுக்குன்னு சொல்லிக்கிட்டு வர்றதுப்பா?"

அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள்கூட. ரௌனோ தேடினார். ஒரு கோல்கீப்பரின் பெயர், ஒரு பயிற்சியாளர், அடுத்த வருடம், இவையெல்லாம்தான் கைக்குக் கிடைத்தன, எதுவும் இனி இல்லை.

"காபி குடிக்க" என்றார். "வீட்டுல மெஷின் இருக்கு. ஏலக்காய் பன் வாங்கி வைப்பேன்."

சில்யா அவரைப் பார்த்தாள். குளிரில் அவள் மூக்கு சிவந்திருந்தது.

"பாக்கலாம்பா" என்றாள்.

அதே குரல். ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர் கேட்ட அதே வார்த்தை, அதே இழுப்பு. கார் பெட்ரோல் பங்க்கைத் தாண்டி வளைவில் மறையும் வரை ரௌனோ நின்றார். பிறகு மறுபடி அரங்கத்துக்கு நடந்தார்.

டிக்கெட் கொடுக்கும் மிர்யா நடைக்கூடத்தில் காகிதத் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"அந்தத் தொப்பி என்னோடது" என்றார் ரௌனோ.

"தெரியும்" என்றாள் அவள். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

பனியில் கிடந்து தொப்பி நனைந்திருந்தது. அவர் அதைப் பிழிந்து, உதறி, தலையில் மாட்டிக்கொண்டார். தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. வெளியே மைனஸ் ஒன்பது. காருக்குப் போய்ச் சேர்வதற்குள் காதோரம் கம்பளி விறைத்துவிட்டது, குஞ்சம் கல் மாதிரி ஆகி ஒவ்வோர் அடிக்கும் பிடரியில் தட்டியது. அவர் அதைக் கழற்றவில்லை.