ராசிக்காசு

ஏலக்காரருக்குப் பக்கத்தில், பலகைத் தடுப்புக்குள் நின்றுகொண்டிருந்தேன். கீழே என் ஆறு காளைகளும் மரத்தூளை மிதித்து வளையத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் லீட்ரிம் மாவட்டத்து மழை சந்தையின் தகரக் கூரையைப் பிய்த்துவிடுவதுபோல் அடித்தது. இன்று இவற்றை விற்றே ஆகவேண்டும். கொட்டகையில் கிடக்கும் தீவனம் தாய்ப்பசுக்களுக்கே கிறிஸ்துமஸ் வரைதான் தாங்கும். வெளியே என் கணவன் மாலக்கி, வெறும் வண்டியோடு திரும்பப்போகிறோம் என்ற நம்பிக்கையில் டிரெய்லரைக் கழுவிச் சாத்தி வைத்திருப்பான்.

போன வாரம் ரேடியோவில் அமைச்சர் உதவித்தொகை அறிவித்தார், மாட்டுக்கு நூறு யூரோ. மாலக்கிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இன்று சந்தைக்கு வந்தால் மாட்டு விலை அதே நூறு இறங்கியிருக்கிறது. அரசாங்கப் பணம் எங்கள் பையில் சற்றுக் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டு இறைச்சி ஆலைக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆலைக்காக வாங்கும் லோர்கன் மட்டும் அந்த இறங்கிய விலைக்கு விரலைத் தூக்கினான். மற்ற வியாபாரிகள் கூரையில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏலக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தால் சுத்தியல் விழும்.

"சரின்னு சொல்லு பிரைடி," லோர்கன் கீழேயிருந்து சிரித்தான். "அதான் கவர்மெண்ட் குடுக்குதே. ரெண்டு பக்கமும் வாங்கணும்னா எப்படி?"

"எனக்குக் குடுக்கறத நீ ஏன்ப்பா கழிச்சுப் பாக்குற?"

"திருப்பி ஓட்டிட்டுப் போயி என்ன போடுவ? கொட்டகையில புல்லு இருக்கா?"

எங்கள் பக்கத்தில் நாலு பேர் எதிரில் ஒருவரிடம் கேட்கிற கேள்வியா இது? கன்னம் கொதித்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கொதித்தது. முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"விற்கல," என்றார் ஏலக்காரர் ஒலிபெருக்கியில்.

இறங்கி நேராக லோர்கனிடம் போனேன். விற்றவர் வாங்கியவர் கையில் ராசிக்காசு வைப்பது எங்கள் வழக்கம். வியாபாரம் முடியாமல் யாரும் வைத்ததில்லை. அவன் உள்ளங்கையைப் பிடித்து இரண்டு யூரோ நாணயத்தை அழுத்தினேன்.

"இது எதுக்கு? நான் எதையும் வாங்கலையே."

"வச்சுக்க. இன்னிக்கு உனக்குத்தான் ராசி வேணும்."

அடுத்து பிரான்சியின் கிடாரிகள் வந்தன. பிரான்சி கில்ஹூலி வாழ்நாளில் ஒரு விலைக்கும் மறுபேச்சுப் பேசாத மனுஷன். லோர்கன் என் காசை மூடிய கையாலேயே விரலைத் தூக்கினான். பிரான்சி ஏலக்காரரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

காளைகளோடு நான் வருவதைக் கண்ட மாலக்கியின் முகம் தொங்கிப்போனது.

"என்ன பிரைடி இது? தீவனத்துக்கு என்ன பண்ணப்போறோம்?"

"தெரியல. மொதல்ல கதவத் தொற."

காளைகள் ஆவி பறக்க ஒவ்வொன்றாக ஏறின. மாலக்கி தாழ்ப்பாளைப் போடப் போனபோது உள்ளேயிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"விற்கல."

தாழ்ப்பாளைப் பிடித்த கையை எடுக்காமல் அவன் கூரைப் பக்கம் காதைத் திருப்பினான். மழைச் சத்தத்துக்கு நடுவே அது மறுபடி கேட்டது.

"விற்கல."