கங்காணிக்குப் பிறந்த தங்கச்சி

இதனால் சகல லயத்து ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கோயில் தலைவரும் தோட்டத்துக் கங்காணியுமாகிய பிச்சைமுத்து அவர்களுக்கு, முப்பத்திரண்டு வயது நிரம்பிய ஒரு தங்கச்சி பிறந்தாள். பிறக்கும்போதே அவள் இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, பின்னால் காலை இழுத்து நடக்கும் வடிவேலு என்றொரு புருஷன்.

பிறந்த இடம், மலாயாவில் அலோர்காஜா பக்கம் ஒரு தோட்டத்தின் முள்கம்பி வாசல். அந்தத் தங்கச்சி முத்தாயிக்கு அன்று அது மூன்றாவது வாசல். காட்டோரத்தில் இருந்தால் காட்டுக்காரர்களுக்கு, அதாவது கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு, அரிசி போய்விடும் என்று சர்க்காரில் அவள் குடும்பத்தைக் கிளப்பி லாரியில் ஏற்றியிருந்தார்கள். முதல் தோட்டத்தில் இடமில்லை. இரண்டாவதில் நொண்டிக்கு வேலையில்லை. இங்கேயும் இல்லையென்றால் லாரி நேரே தடுப்பு முகாமுக்கு என்று டிரைவர் காலையிலேயே சொல்லிவிட்டான்.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கேட்டதைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சேகரன் தமிழில் சொன்னார். “இவங்கள யாருக்காச்சும் தெரியுமா? தெரிஞ்சவங்க இருந்தாத்தான் உள்ள.”

கூடியிருந்தவர்கள் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். ஆனால் பிச்சைமுத்துவுக்கு ஒரு வியாதி உண்டு. கோலா சுங்கை பாருவிலிருந்து கிளேபாங் வரைக்கும் தனக்குத் தெரியாத தமிழனே கிடையாது என்று இருபது வருஷமாகச் சொல்லி வருகிறவர். ‘தெரியாது’ என்ற சொல் அவர் தொண்டையைத் தாண்டியதாகச் சரித்திரமில்லை.

“ஏன் தெரியாது? நல்லாத் தெரியும்.”

“எப்படி?”

மீசையைத் தடவினார். “தங்கச்சி.”

சேகரன் முத்தாயியின் அடையாள அட்டையைப் பார்த்தார். “அப்பா பேரு வேறயா இருக்கே, கங்காணி?”

“சின்னம்மா மகளாச்சே. சின்னம்மா மக தங்கச்சி இல்லாம, அத்தையா?”

லாரி காலியாகத் திரும்பியது. தங்கச்சி என்று சொன்ன மனுஷர் தன் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது அப்புறம்தான் முத்தாயிக்கு உறைத்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே மூட்டையைப் பிரித்தாள்.

மத்தியானம் கங்காணியின் மனைவி ராமாத்தாள், முத்தாயிக்குக் கொடுத்த லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றாள். “பதினஞ்சு வருஷமா நாத்தனா இல்லாத வீட்டுல வாழ்ந்த மகராசி நான். இந்த மனுசன் போற வழியில ஒருத்தியப் புடிச்சிட்டு வந்திருக்காரு!” இடுப்பிலிருந்த சட்டியை இறக்கினாள். சோறும் கருவாட்டுக் குழம்பும். “மொதல்ல புள்ளைங்களுக்குப் போடு. திட்டுறத நாளைக்கி வந்து திட்டுறேன்.”

வியாழக்கிழமை சேகரன் வந்தார். ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவாராம். அண்ணனையும் தங்கச்சியையும் தனித்தனியாக விசாரிப்பாராம். பொய்யென்றால் லாரியில் இரண்டு குடும்பம் ஏறும்.

முத்தாயி கங்காணி வீட்டுக்கு ஓடினாள். “அண்ணே, உங்களப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதே!”

பிச்சைமுத்து முகாமுக்குப் பயந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு விழுந்த அடி வேறு. “என்னையப் பத்தித் தெரியாதா? உக்காரு.”

மூன்று சாயங்காலம் உட்கார்ந்தாள். அவருடைய அப்பா நல்லமுத்து ஒற்றைக் கையால் காளையை மடக்கியது, ஏழூர்ப் பஞ்சாயத்து அவர் செருமலுக்குக் காத்திருந்தது, கப்பலில் கேப்டனே எழுந்து நாற்காலி கொடுத்தது. “மூட்டை மேல உக்காந்து வாந்தியெடுத்துக்கிட்டே வந்தாராமே, அதையும் சொல்லுங்க,” என்றது உள்ளேயிருந்து ராமாத்தாளின் குரல். வடிவேலு சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான். முத்தாயி மட்டும் சாமி கதை கேட்பவளைப் போல, ஒரு கொம்பு, ஒரு செருமல் விடாமல் மனசில் ஏற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆபீசுக்குள் அண்ணனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த பிச்சைமுத்து பூரித்திருந்தார். உள்ளே இன்ஸ்பெக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஒம் பெரியப்பா பேரு என்னம்மா?” என்றார் சேகரன்.

“நல்லமுத்துங்க.” முத்தாயியின் வாய் அதோடு நிற்கவில்லை. “அவரு ஒத்தக் கையால ஒரு காளைய...”

சேகரன் மொழிபெயர்க்கத் தொடங்கினார். காளை என்றதும் இன்ஸ்பெக்டர் அவசரமாகக் கையைத் தூக்கித் தடுத்தார். பேனாவை எடுத்து, கேட்காத கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கையெழுத்தாகப் போட்டார்.

முத்தாயி வெளியே வந்து, செம்மண்ணில் நெடுஞ்சாண்கிடையாகப் பிச்சைமுத்துவின் காலில் விழுந்தாள். அவர் கூட்டத்தைப் பார்த்து, “நாந்தான் சொன்னேன்ல, எனக்கு எல்லாரையும் தெரியும்னு,” என்றார். குனிந்து அவளைத் தூக்கிவிட்டபோதுதான் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து அவள் நெற்றியில் ஒட்டிய செம்மண்ணைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலை குழாயடியில், வாளியை முன்னால் வைத்ததற்காக ராமாத்தாள் தன் நாத்தனாரோடு சண்டை போட்டாள்.