எழுதியிருக்கக் கூடாத பரீட்சை

வகுப்பில் அவளை எல்லோரும் மாத்திரையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைப் பேராசிரியர்கள் மட்டும் வாசித்தார்கள். மருந்துக் கடையில் பதினொரு வருஷம் நின்று, டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் முப்பத்துமூன்றாவது வயதில் மருந்தியல் பட்டப் படிப்பில் வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கிற பதினெட்டு வயதுப் பெண்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

நாலாவது செமஸ்டர் முடிவு வந்த அன்று அவள் கடையில் இருந்தாள். வகுப்பு இல்லாத நாட்களில் அரை நாள் வேலைக்குப் போவது வழக்கம். இருமல் மருந்துப் புட்டிகளைத் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. செமஸ்டர் சராசரி, நாலுக்கு இரண்டு புள்ளி ஏழு. அவள் வாங்கியதிலேயே அதுதான் அதிகம்.

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "என்னம்மா, பல்லு தெரியுது. பாத்து ரொம்ப நாளாச்சு."

"பாஸ் பண்ணிட்டேன் அண்ணே. இரண்டு எடுத்தாப் போதும்னாங்க. இரண்டே முக்காலு கிட்ட வந்திருக்கு."

"அப்போ இன்னிக்கு சீக்கிரம் கிளம்பு. அந்தப் புட்டியெல்லாம் எங்கேயும் ஓடிப் போயிடாது."

அந்தச் சிரிப்புக்கு ஒன்பது நாள்தான் ஆயுசு. பத்தாவது நாள் பல்கலைக்கழகத்திலிருந்து பழுப்பு உறையில் கடிதம் வந்தது. கல்விக் கண்காணிப்புக் காலத்தின் முடிவில் தேவையான சராசரியை எட்டாததால் படிப்பிலிருந்து நீக்கப்படுகிறார் என்று அதில் இருந்தது. வேறு யாருக்கோ போக வேண்டியது தன் கைக்கு வந்துவிட்டதாகத்தான் முதலில் நினைத்தாள். பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள். அவளுடையதேதான்.

அவளைப் படிக்க வைத்தது அவள் புருஷன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். பத்தாவதைத் தாண்டாதவன், ஆனால் வாயில் மட்டும் குறைச்சல் இல்லை. "மருந்து எடுக்கறது நீ, தப்பைக் கண்டுபிடிக்கறது நீ. கையெழுத்து மட்டும் பட்டம் வாங்கிட்டு நேத்து வந்தவன் போடறான். அந்தக் கையெழுத்தை நீயே போட்டா என்ன?" என்று நச்சரித்து நச்சரித்து, கடைசியில் விண்ணப்பத்தையும் அவனே வாங்கி வந்தான். அவள் வகுப்புக்குப் போகும் நாட்களில் சமையல் அவனுடையது. உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் மறந்தே போகும். அவர்கள் மகள் பாப்பா, பதின்மூன்று வயதானாலும் வீட்டில் அவள் பாப்பாதான், "அப்பா சமைச்சா தண்ணி நிறையக் குடிக்கலாம், உடம்புக்கு நல்லது" என்பாள்.

மூன்றாவது செமஸ்டரின் கடைசியில், மழை விட்ட ஒரு காலையில், அவன் கிரேன் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தான். இடுப்பு நொறுங்கியது. தலையிலும் அடி. இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அதற்கு நடுவில் அவளுக்குப் பரீட்சை தொடங்கியது.

"நான் எங்கேயும் போகலை. அடுத்த தடவை எழுதிக்கறேன்" என்றாள் அவள்.

அன்று அவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது. பாப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "இந்தா, இங்க பாரு. நான் படுத்திருக்கேன்னு நீயும் படுத்துடாதே. என்ன ஆனாலும் சரி, பரீட்சையை மட்டும் விட்டுடாதே. எனக்கு சத்தியம் பண்ணு" என்றான். அவள் பண்ணினாள். பாப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்து தாள். முதல் இரண்டை எப்படியோ எழுதினாள். இரண்டாவதை எழுதிவிட்டு வந்தபோது அவனுக்கு மூச்சுக்குக் குழாய் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் போய்விட்டான்.

மூன்றாவது தாள் அதற்கு நாலாம் நாள். நாத்தனாரும் சொந்தக்காரர்களும் வீடு நிறைய உட்கார்ந்திருந்தபோது, இவள் முகம் கழுவி, அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பின்னால் யாரோ முணுமுணுத்தது காதில் விழாமல் இல்லை. பரீட்சைக் கூடத்தில் பதிவு எண்ணை எழுதினாள். கல்லீரலில் மருந்து என்னவாகிறது என்று ஒரு கேள்வி. அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அரைப் பக்கம் எழுதிய பிறகு அடுத்த சொல் வரவில்லை. இருந்தாலும் மூன்று மணி நேரமும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். விட்டுவிடாதே என்றானே. நாலாவது தாளிலும் ஐந்தாவதிலும் அதே கதைதான். மூன்றில் தோல்வி, இரண்டில் தட்டுத்தடுமாறித் தேறல். சராசரி பூஜ்யம் புள்ளி ஆறு.

கல்விக் கண்காணிப்பில் வைத்திருப்பதாக அப்போதே ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கம். அடுத்த செமஸ்டர் முடிவில் சராசரி இரண்டாக இருக்க வேண்டும் என்ற வரியை மட்டும் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொண்டாள். பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படிக்கிற நிலையில் அவள் இல்லை. வகுப்பில் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பாவம் பார்த்துப் போடுகிற மதிப்பெண் அவளுக்கு வேண்டாம். தோற்ற பாடங்கள் அடுத்த வருஷம்தான் மறுபடி வரும் என்பதால் புதுப் பாடங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அப்படி வாங்கியதுதான் அந்த இரண்டு புள்ளி ஏழு.

அந்தப் பழுப்பு உறையோடு அவள் போனபோது, பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் அவளுடைய கோப்பைத் திரையில் திறந்தார். நிதானமான மனிதர்.

"இங்க கேக்கறது அந்த ஒரு செமஸ்டர் சராசரி இல்லைங்க. மொத்த சராசரி. சேர்ந்த நாள்லேர்ந்து எல்லாத்தையும் கூட்டி வகுக்கறது."

"அது எவ்வளவு சார்?"

"ஒன்று புள்ளி ஒன்பது ஏழு."

"இரண்டுன்னுதானே சார் சொல்லணும் அதை?"

"நீங்களும் நானும் சொல்லலாம். கணினி சொல்லாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "பத்து நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணுங்க. குழு கூப்பிட்டுக் கேக்கும். உங்க பக்கம் என்ன நடந்ததுன்னு ஒண்ணு விடாம எழுதுங்க. ஆதாரம் வைங்க."

அவள் ஒன்று விடாமல் எழுதினாள். இறப்புச் சான்றிதழின் நகலையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் இணைத்தாள்.

குழு மூன்றாவது மாடியில் கூடியது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் டீன். ஒரு பக்கம் அவளுக்குத் தெரியாத ஒரு பேராசிரியர். இன்னொரு பக்கம் முதல் வருஷம் அவளுக்கு வேதியியல் எடுத்த மேடம். உட்காரச் சொன்னார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

டீன் காகிதங்களைப் புரட்டினார். தேதிகளைப் பார்த்தார். பரீட்சை அட்டவணையைப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் தவறினது பன்னெண்டாம் தேதி."

"ஆமாங்க சார்."

"பதினாறாம் தேதி வந்து பரீட்சை எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க சார்."

"ஏம்மா எழுதினீங்க?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. தோற்றது ஏன் என்று கேட்பார்கள் என்று அதற்குத்தான் பதில் யோசித்து வைத்திருந்தாள்.

"எழுதச் சொன்னாருங்க சார்."

"யாரு?"

"அவருதான். என்ன ஆனாலும் பரீட்சையை விட்டுடாதேன்னாரு. கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

வேதியியல் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, ஒரு தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். "சார், அந்த ஒரு செமஸ்டரை எடுத்துட்டா இவங்க சராசரி இரண்டு புள்ளி நாலு மூணு. கண்காணிப்புக்கே வந்திருக்க மாட்டாங்க."

"தெரியுது மேடம்." டீன் அவளைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "குடும்பத்துல இப்படி ஆனா அந்த செமஸ்டரையே விலக்கிக்க ஒரு படிவம் இருக்கும்மா. ஒரே பக்கம். பரீட்சைக்கு முன்னாடியே குடுக்கலாம். முடியலைன்னா முடிஞ்சு தொண்ணூறு நாளுக்குள்ள குடுக்கலாம். இப்போ ஏழு மாசம் ஆச்சு."

"எனக்கு யாரும் சொல்லலைங்க சார்."

"நீங்க வராம இருந்திருந்தா, வரலைன்னு பதிவாகியிருக்கும். மூணு தாளுக்கு ஒரு ஆள் வரலைன்னா நாங்களே கூப்பிட்டு என்ன ஏதுன்னு கேட்டிருப்போம். நீங்க வந்துட்டீங்க. அதனால எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சிட்டோம்."

அவளுக்கு அது உடனே புரியவில்லை. படி இறங்குகிறவன் இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்துத் தரையில் கால் வைத்தது போல் ஒரு அதிர்ச்சி வந்தது. வீட்டில் படுத்து அழுதிருந்தால் போதும். சத்தியத்தை மீறியிருந்தால் போதும். அவள் இன்றைக்கு ஐந்தாவது செமஸ்டர் வகுப்பில் இருந்திருப்பாள்.

வெளியே பெஞ்சில் இருபது நிமிஷம் உட்கார வைத்தார்கள். உள்ளே குரல் ஒரு முறை உயர்ந்தது, மேடத்தின் குரல். கதவைத் திறந்துகொண்டு வந்ததும் அவர்தான்.

"ரெண்டு பேர் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தார். "போன வருஷம் ஒரு பையனுக்குத் தொண்ணூறு நாளைத் தாண்டி விட்டுக் குடுத்தாங்க. அவன் காகிதம் பொய்னு அப்புறம் தெரிஞ்சுது. அதுலேர்ந்து டீன் பிடிவாதமா இருக்கார். நீங்க பொய் சொல்றீங்கன்னு யாரும் நினைக்கலை. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி விண்ணப்பிக்கலாம்மா."

"இடம் கிடைக்குமா மேடம்?"

மேடம் உதட்டைப் பிதுக்கினார். "மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளுங்க."

"வீட்டுக்கு வர்ற கடிதத்துல நான் உள்ள சொன்னதையெல்லாம் எழுதுவாங்களா? அவரு சொல்லித்தான் எழுதினேன், அந்தப் பரீட்சையாலதான் இப்படி ஆச்சு, அதெல்லாம்?"

"முடிவுக்குக் காரணம்னு சுருக்கமா எழுதறது வழக்கம்."

"அதை மட்டும் எடுத்துடச் சொல்ல முடியுமா? என் பொண்ணு வீட்டுக்கு வர்ற கடிதமெல்லாம் படிப்பா. அவங்கப்பா வாயால வந்த கடைசி வார்த்தை அது. அதாலதான் இப்படி ஆச்சுன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்."

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடிதத்தில் அதை எழுதவிடாமல் செய்தது ஒன்றுதான் தான் ஜெயித்த காரியம் என்று அவர் பின்னால் எழுத்தரிடம் சொன்னாராம்.

கடிதம் வந்தது. தேவையான சராசரி இல்லை, மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது என்ற இரண்டே வரி. பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் அதைப் படித்தாள்.

"என்னம்மா இது? பாஸ்னு சொன்னே?"

"பத்தலையாம்."

"ஏன் பத்தலை?"

பஸ்ஸில், கடையில், குளிக்கும்போது என்று இதற்குப் பல பதில் சொல்லிப் பார்த்திருந்தாள். "நான் சரியாப் படிக்கலை பாப்பா" என்றாள்.

பாப்பா நம்பாமல் பார்த்தாள். அம்மா கண்ணை எடுக்கவில்லை. மெதுவாக நம்பினாள்.

"அப்பா அவ்வளவு சொன்னாரே. அந்த நிலைமையிலயும் சொன்னாரே. நான் பக்கத்துலதானே இருந்தேன். அதைக்கூட நீ கேக்கலையா?"

"கேக்கலை."

"அவருக்காகக்கூடவா?"

"தப்புத்தான்டா."

பாப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் வந்தது. கதவைத் தட்டப் போன கையை அவள் எடுத்துவிட்டாள். தட்டினால் திறக்கும், திறந்தால் வாய் உண்மையைச் சொல்லிவிடும்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து முழு நாள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். கடைக்காரர் அலமாரிச் சாவியை எடுத்து முன்னால் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் ஒரு முறை வந்து போனார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பரீட்சை வந்துவிட்டது.

பாப்பா மூன்று வாரம் தேவைக்கு மட்டும் பேசினாள். பிறகு ஓரளவு சரியானாள். பழைய மாதிரி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூடத்தில் அத்தையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இல்லை அத்தை, அம்மாதான் படிக்கலை. அப்பா எவ்வளவு ஆசைப்பட்டாரு, அம்மா அதை மதிக்கவே இல்லை."

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, அடுத்த தட்டை எடுத்தாள்.