காற்றை வெளியே எடுப்பது

ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்துவிட்டேன். படகு திரும்பவில்லை. கூப்பிட்டால் காது கேட்காத கிழட்டு மாடு மாதிரி, துறையின் மரத்தூணைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. இன்ஜினை அணைத்துத் துடுப்பை எடுத்துத் தூணில் ஊன்றி ஒரு தள்ளு தள்ளினேன். அப்படியும் பக்கப் பலகையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. நல்லவேளை, படகில் அண்ணன் இல்லை. கடைக்காரரின் காய்கறி மூட்டைகள்தான் இருந்தன. அவை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் இந்தப் படகில் ஏறியாக வேண்டும். அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் அக்கரை ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு படுத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். பாலத்தைச் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஒருமுறை கூட்டிப்போனோம். பாதி வழியில் மயங்கி என் மடியில் சரிந்தான். இன்னொரு முறை புயல் என்று போகாமல் விட்டோம். அன்று அவன் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் 'விட்டுவிடலாம்' என்ற பேச்சே கிடையாது. மற்ற படகுக்காரர்கள் விடியுமுன்பே மீனுக்குப் போய்விடுவார்கள். ஆக மிச்சம் இந்தப் படகும் நானும்தான்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கம் அவருக்கு 'நாளைக்கு' என்றுதான் பேர். எந்த வேலை சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தை அது.

"பம்பு போயிருக்கும்மா. புதுசு வரவழைக்கணும். நாளைக்குப் பேசறேன்."

"பார்க்காமயே போயிருச்சுன்னு எப்படிங்க சொல்றீங்க?"

"அனுபவம்தாம்மா."

அந்த அனுபவத்தை அவரே பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும் என்று போனை வைத்தேன். பெட்டியைத் திறந்து ஸ்பானரையும் ஆயில் டப்பாவையும் எடுத்துக்கொண்டு படகுக்குள் குதித்தேன்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பம்பு. அதிலிருந்து இரண்டு கறுப்பு ஹோஸ்கள் கிளம்பி, படகின் பின்பக்கம் இன்ஜினோடு இருக்கிற சிலிண்டருக்குப் போகும். உள்ளே முழுக்க ஆயில். சக்கரத்தைத் திருப்பினால் பம்பு ஆயிலைத் தள்ளும், ஆயில் சிலிண்டரைத் தள்ளும், இன்ஜின் திரும்பும். நடுவில் காற்று புகுந்துவிட்டால் தள்ளுகிற பலமெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். சக்கரம் பாட்டுக்குச் சுற்றும். இன்ஜின் ஏனென்று கேட்காது.

முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொரு இணைப்பாகத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தேன். சிலிண்டரில் ஹோஸ் சேருகிற இடத்தில் ஒரு நட்டு பிசுபிசுவென்றிருந்தது. அகப்பட்டாயா என்று இறுக்கினேன். ஆயில் அங்கே கசிந்திருக்கிறது, போன இடத்தில் காற்று நுழைந்திருக்கிறது. இனி ஆயிலை நிரப்பிக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் ஆயில் ஊற்றிக்கொண்டே சக்கரத்தைத் திருப்ப, இன்னொருவர் சிலிண்டர் பக்கம் காற்றை விடுகிற திருகைத் திறந்து மூட வேண்டும்.

அந்த இன்னொருவர் அண்ணிதான்.

அண்ணிக்கும் எனக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஆகும், கொஞ்சம் தள்ளி இருந்தால். நான் படகை ஓட்டுவதில்லை, விரட்டுகிறேன் என்பது அவள் கட்சி. என் அண்ணனை அவள் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருக்கிறாள் என்பது என் கட்சி. அவன் தண்ணீர் குடிக்கிற டம்ளரைக்கூட அளந்துதான் கொடுப்பாள். டாக்டர் சொன்னதுதான், இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இடது பக்கம் திருப்புங்க அண்ணி."

"உன் இடதா, என் இடதா?"

"முதுகைக் காட்டி உக்காருங்க, ரெண்டும் ஒண்ணாயிடும்!"

திருப்பினாள். திருகைத் திறந்தேன். நுரை நுரையாக ஆயில் வந்தது, பிறகு சுத்தமாக வந்தது. மூடினேன். வலது பக்கமும் அதே மாதிரி. சக்கரம் கொஞ்சம் இறுகியது. அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அடுத்த தடவை திருப்பும்போது சக்கரம் மறுபடி தொளதொளவென்று சுற்றியது.

மறுபடி முதலிலிருந்து. அதற்கப்புறமும் மறுபடி. ஆயில் டப்பா இலேசாகிக்கொண்டே வந்தது, வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. கசிவு எங்கும் இல்லை, திருகில் வருவது சுத்தமான ஆயில், ஆனால் உள்ளே எங்கோ காற்று உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. ஸ்பானரைப் பலகையில் ஓங்கி அடித்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதை அண்ணிக்குக் காட்டுவதாக இல்லை.

சத்தம் கேட்டு அண்ணன் வீட்டிலிருந்து சுவரைப் பிடித்தபடி வந்து துறையில் நின்றான். கணுக்கால் வீங்கியிருந்தது.

"விடுங்கப்பா. ஒரு நாள்தானே. நாளன்னிக்குப் பாத்துக்கலாம்."

"நீங்க உள்ள போங்க!" என்றாள் அண்ணி.

"உள்ள போடா!" என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவன் போன பிறகு அண்ணி சக்கரத்தின் மேல் கையை வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"காத்து எப்பவும் மேலதானே போகும்?"

"ஏன்?"

"ஆஸ்பத்திரியில அவர் பக்கத்துல உக்காந்து அந்தக் குழாயையேதான் பாத்துட்டிருப்பேன். அதுல காத்து வந்திரக்கூடாதுன்னு பயம். நர்சு விரலால சுண்டினா குமிழி மேல ஏறிப் போயி உக்காந்துக்கும். ரத்தம் அதுக்கு அடியிலயே ஓடிட்டிருக்கும். குமிழி மட்டும் கீழ எறங்கவே எறங்காது."

சொல்லிக்கொண்டே அவள் கண் பம்பிலிருந்து ஹோஸ்கள் போகிற வழியே போனது. என் கண்ணும் போனது. தரையில் கிடக்க வேண்டிய ஹோஸ்கள் பம்புக்கும் மேலே ஏறி, கூரைக் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டு, அந்தப் பக்கம் இறங்கிச் சிலிண்டருக்குப் போயின. கட்டியிருந்தது துணி காயப்போடுகிற நைலான் கயிறு. முடிச்சு அண்ணியுடையது. இத்தனை நாள் அதற்கு அடியில் குனிந்து குனிந்து போய்வந்தும் ஏனென்று நிமிர்ந்து பார்க்காதவள் நான். நாங்கள் தள்ளிய ஆயில் அந்த மேட்டில் காற்றுக்கு அடியிலேயே வழிந்து போயிருக்கிறது. பின்னால் நட்டு தளர்ந்ததும் அந்த இழுப்பில்தான்.

அண்ணியின் முகம் செத்துப்போயிற்று.

"போன வாரம் ஏறும்போது இதுலதான் அவருக்குக் கால் தடுக்கிச்சு. யார்கிட்டயும் சொல்லல. நான் பாத்தேன். அதான் தூக்கிக் கட்டினேன்." கயிற்றின் முடிச்சைத் தொட்டாள். "நான்தான் கெடுத்தேனா?"

எனக்கு வாயில் நல்லதாக நாலு வார்த்தை தயாராக இருந்தது. கோபமும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று வந்து நின்றது: அவனுக்குக் கால் தடுக்கியபோது நானும் அதே படகில்தான் இருந்தேன். முன்னால் பார்த்துக்கொண்டு, இன்ஜினைக் கிளப்பிக்கொண்டு. இவள் பார்த்திருக்கிறாள்.

"கயித்தை அவுருங்க அண்ணி. இருட்டறதுக்குள்ள முடிச்சிரலாம்."

ஹோஸ்களைத் தரையில் இறக்கிப் படுக்கவைத்தோம். திருகைத் திறந்தேன். அண்ணி திருப்பினாள். வந்தது பார், பக் பக்கென்று பெரிய பெரிய குமிழியாக, என் கை முழுக்க ஆயிலைத் துப்பிக்கொண்டு. "இருக்கு அண்ணி, இன்னும் இருக்கு, நிறுத்தாதீங்க" என்று கத்தினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். கடைசிக் குமிழி போனதும் சக்கரம் அவள் கையில் சட்டென்று இறுகி நின்றது. பின்னால் இன்ஜின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பியது. துறையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தோம். நான் விரட்டுவதாக அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

கரை சேர்ந்த பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. ஹோஸ்கள் பழையபடி, ஏறுகிற வழியின் குறுக்கே கிடந்தன. ஓரமாக ஒதுக்கிப் பார்த்தோம். நீளம் பத்தவில்லை, நட்டை இழுத்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் நான் போனபோது எனக்கு முன்பே அவள் படகில் இருந்தாள். குறுக்கே கிடந்த ஹோஸ்களைச் சேர்த்துப் பளிச்சென்ற மஞ்சள் துணியைச் சுற்றி, நெருக்கமாகத் தையல் போட்டிருந்தாள். கடைசி நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள்.

அண்ணன் வந்து துறையின் விளிம்பில் நின்று பார்த்தான்.

"என்ன, ஹோஸுக்குக் குளிர் காய்ச்சலா?"

"கண்ணுக்குத் தெரியறதுக்கு. பேசாம காலைத் தூக்கி வைங்க."

அவள் கையை நீட்டினாள். பிடித்துக்கொள்ளவில்லை, அவன் முழங்கையைத் தொடாமல், ஒரு விரற்கடை தள்ளி அப்படியே வைத்திருந்தாள். படகு ஆடாமல் இருக்க நான் துறையின் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை முன்னால் பார்க்கவில்லை. வீங்கிய அந்தக் கால் மெதுவாக மேலே எழுந்தது, மஞ்சளுக்கு நேர் மேலே வந்து ஒரு கணம் காற்றில் நின்றது.